தண்டவாளம் வாசித்த கருத்துகள்

தட்டாநேரிப் பள்ளிக்கூடத்து மணி வாய் திறந்து பேசத் தொடங்கிய திங்கட்கிழமையன்று, அமலோற்பவம் சத்துணவுக் கூடத்தில் உலையை ஏற்றிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சரியாக ஒன்பதேகாலுக்கு வேப்பமரத்தடிக்கு வந்து, பொந்தில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி, நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, என்றைக்கும் போல ஓங்கி ஓர் அடி அடித்தாள். மணி என்றால் வெண்கலமும் இல்லை, வட்டமும் இல்லை. ரயில்பாதையை இரட்டைப் பாதையாக்கிய வருஷம் ரயில்வேக்காரர்கள் கழித்துப்போட்டுப் போன இரண்டு முழத் தண்டவாளத் துண்டு, சங்கிலி கோத்துக் கிளையில் தொங்கியது. அது எந்த இடத்துத் தண்டவாளம் என்று அமலோற்பவம் ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை. அன்றைக்கு அது 'டணார்' என்று ஒலிக்கவில்லை. மளிகைக்கடை கோமதிநாயகம் பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவாரே, அதே மாதிரி செருமிவிட்டு, அவர் குரலிலேயே, "பள்ளிக்கூடம் இருந்த இடத்துலயே இருக்கட்டும். ஓட்டுச்சாவடியும் பள்ளிக்கூடத்துலதான் வரும். காலனிக்குள்ள போயி வரிசையில நிக்க எங்க வீட்டுப் பொம்பளைங்க வரமாட்டாங்க" என்றது.

"டீச்சர், மளிகைக்கடைத் தாத்தா மரத்து மேல இருக்காரு" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அண்ணாந்து பார்த்தது.

தலைமையாசிரியை விசாலாட்சி டீச்சர், ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருக்கிறவர், எதற்கும் பதறாதவர். "அமலி, மணின்னா மூணு அடி. மிச்சம் ரெண்டு கெடக்கு" என்றார்.

இரண்டாவது அடிக்குக் கோமதிநாயகத்தின் மருமகள் சுகன்யா வந்தாள், படித்த பெண், திருத்தமான தமிழ். "கழிப்பறைகளைத் தனித்தனியாகக் கட்டினால் நல்லது. சுத்தம் தெரியாத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள்." மூன்றாவது அடிக்கு யாரோ ஓர் ஆண்குரல், "சமையலுக்கு எங்க தெரு ஆளைப் போடுங்க, என் மகனையும் அங்கயே சேக்குறேன். இப்ப உள்ளவ கையால எப்படித் திங்கச் சொல்றது" என்று நியாயம் கேட்பதுபோலக் கேட்டது. அமலோற்பவம் கம்பியைப் பொந்தில் செருகிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். அரிசி பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

இந்தக் குரல்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்பது அவளுக்கு அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது. முதல்நாள் ஞாயிற்றுக்கிழமைதான் அவள் மூத்த மகள் ஜெயசீலி செய்த இணையதளத்தை ஊருக்குத் திறந்துவிட்டிருந்தார்கள்.

தட்டாநேரியை ரயில்பாதை இரண்டாகக் கிழித்துப் போட்டிருந்தது. கிழக்கே இருப்பதற்கு ஊர் என்று பெயர், மேற்கே இருப்பதற்குக் காலனி என்று பெயர். பள்ளிக்கூடம் ஊரில். படிக்கிற நூற்று அறுபத்து மூன்று பிள்ளைகளில் நூற்று இருபத்தொன்பது காலனியில். ரயில்வே கேட் வடக்கே ஒன்றரை மைல் தள்ளி இருப்பதால் பிள்ளைகள் குறுக்கேதான் தாண்டும். தாண்டுகிற இடத்துக்குத் தெற்கே ஒரு வளைவு, வளைவு முழுக்கக் கருவேலங்காடு, ரயில் தலைக்கு மேலே வந்து நிற்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. அதனால் காலனியில் பிள்ளைக்கு அகரம் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்கச் சொல்லிக்கொடுப்பார்கள். அமலோற்பவத்தின் இளையவள் ரெஜினாவுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில், ஒன்பது வயதுப் பிள்ளை, சொல்லிக்கொடுத்தபடியே குனிந்து காது வைத்துக் கேட்டிருக்கிறது. அடைமழை பெய்து தண்டவாளம் முழுக்க மழையே இரைந்துகொண்டிருந்ததால் கூட்ஸ் வண்டி வருவது கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கிடந்த அரிசிச் சாக்கில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுவருஷம் சத்துணவுச் சமையலுக்கு ஆள் எடுத்தபோது அமலோற்பவம் மனுப் போட்டாள். போய்ச் சேராத பிள்ளையின் பங்குச் சோற்றைப் போய்ச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் போடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வேறு காரணம் இல்லை.

இப்போது பழைய கட்டடம் விரிசல் விட்டு, இடித்தாகிவிட்டது. தகரக் கொட்டகையில் வகுப்பு நடந்தது. புதிதாகக் கட்ட உத்தரவு வந்தபோது, முதலில் மக்களைக் கேளுங்கள், மக்கள் எங்கே காட்டுகிறார்களோ அங்கே கட்டுவோம் என்று கல்வி அலுவலகம் சொல்லிவிட்டது. இருந்த இடம் ஒன்று. காலனியை ஒட்டிக் குளத்துக்கரைப் புறம்போக்கு ஒன்று. அதற்கான இணையதளம் செய்கிற வேலை மதுரைக் கம்பெனிக்குப் போனது, அங்கே வேலை பார்த்த ஜெயசீலி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்று மாதம் ராப்பகலாக உட்கார்ந்து செய்தாள். போனைத் திறந்தால் ஊரின் படம் விரியும். பள்ளிக்கூடத்தை விரலால் இழுத்து எந்தப் பக்கம் வேண்டுமோ அங்கே வைக்கலாம். வகுப்பறைக்குப் பச்சைச் சதுரம், கழிப்பறைக்கு நீலச் சதுரம், குழாய், மரம், மதில். எல்லாம் வைத்து முடித்த பிறகு, உங்கள் கருத்து என்று ஒரு வெள்ளைப் பெட்டி.

"ஆள் பேரு கேக்கமாட்டோம்மா" என்று ஜெயசீலி அம்மாவிடம் சொல்லியிருந்தாள். "பேரு கேட்டா பயப்படுவாங்க. பேரில்லன்னா மனசுல உள்ளத அப்படியே எழுதுவாங்க."

"மனசுல உள்ளதையா?" என்றாள் அமலோற்பவம். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எழுதட்டும் தாயி. நல்லதுதான்" என்றாள்.

இன்னொன்றும் செய்திருந்தாள் ஜெயசீலி. வெளியூர்க்காரர்கள் புகுந்து கலைத்துவிடக் கூடாது என்று, தட்டாநேரி எல்லைக்குள் இருக்கிற போனுக்கு மட்டும், ஒரு போனுக்கு ஒரு கருத்து என்று கட்டுப்படுத்தி வைத்தாள். காலனியில் வீட்டுக்கு ஒரு போன் உண்டா என்று அம்மாவிடம் கேட்டாள். உண்டு என்றாள் அம்மா. உண்மைதான், வீட்டுக்கு ஒன்று இருந்தது. ஆனால் அது வீட்டில் இல்லை. திருப்பூரிலும் எர்ணாகுளத்திலும் கொத்து வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போன ஆம்பிளைகளின் சட்டைப் பையில் இருந்தது. ஊரிலோ தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, பாடம் கேட்கப் பிள்ளைக்கு ஒன்று. அம்மாவும் மகளும் காலனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனாலும் இது இரண்டு பேருக்கும் தோன்றாமல் போயிற்று.

மணி பேசிய முதல் வாரம் ஊர் வெட்கப்பட்டது. கோமதிநாயகம் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மின்சாரக்காரர் ஒருவர் மரத்தில் ஏறி வயர் தேடினார், ஓர் எறும்புப் புற்றுதான் இருந்தது. யாரோ தண்டவாளத்துக்கு மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழமும் கட்டினார்கள். பங்குச் சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார், மறுநாள் தண்டவாளம் ஈரக்குரலில் பேசியது. வார்டு மெம்பர் வந்து, கொஞ்ச நாளைக்கு மணி அடிக்காமல் இருங்களேன் என்று கேட்டதற்கு, "முதல் மணி எத்தன மணிக்கு அடிச்சேன்னு நான் ரிஜிஸ்டர்ல எழுதணும் தம்பி. ஊர்க்காரங்க பேசிட்டாங்க, அதனால அடிக்கலன்னு எழுதட்டுமா?" என்று விசாலாட்சி டீச்சர் கேட்க, அவர் போய்விட்டார். ஆகவே காலையில் மூன்று, இடைவேளைக்கு இரண்டு, சாப்பாட்டுக்கு இரண்டு, சாயங்காலம் நீள மணி என்று அமலோற்பவம் அடித்துக்கொண்டே இருந்தாள், தண்டவாளம் ஒவ்வோர் அடிக்கும் ஒருவராக ஊரை வாசித்துக்கொண்டே இருந்தது. நடுநடுவே, எண்ணிக்கையில் கம்மியாக, காலனிப் பெண்களும் வந்தார்கள். "கக்கூசுக்குத் தாப்பா வேணும்" என்றாள் ஒருத்தி. "சின்னப் பிள்ளைக்கு எட்டுற மாதிரி குழாயைக் கீழ வைங்க" என்றாள் இன்னொருத்தி.

மூன்றாம் நாள் கோமதிநாயகம் கடையைத் திறந்தார். பருப்பு வாங்கப் போன அமலோற்பவத்திடம், "அமலி, அது நான் சொன்னதில்ல. ஒம்மக செஞ்சதுல ஏதோ கோளாறு" என்றார்.

"இருக்கும் மொதலாளி."

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத." ஒரு வெல்லக்கட்டியைக் கூடுதலாக அவள் கையில் வைத்தார். கையைத் தொட்டே வைத்தார். அமலோற்பவம் அதை நினைத்து அன்றைக்குச் செபமாலையில் அவருக்காக ஒரு மணி கூடுதலாக உருட்டினாள்.

இரண்டாம் வாரம் ஊர் சுதாரித்துக்கொண்டது. எழுதுகிறதெல்லாம் கேட்கப்போகிறது என்றால் நல்லதாக எழுதிவிட்டுப் போகிறோம் என்று முடிவெடுத்து, பழைய போனில் எழுதியவர்கள் புதுப்போன் வாங்கியும், எழுதாதவர்கள் முதல்தடவையாகவும், எல்லாக் குழந்தைகளும் நம் குழந்தைகள், கல்விக்குக் கிழக்கு மேற்கு இல்லை என்றெல்லாம் சுதந்திர தினத்துப் பேச்சுப் போலவே எழுதினார்கள், எழுதிவிட்டுப் பள்ளிக்கூடத்தைக் கிழக்கேயே வைத்தார்கள். தண்டவாளம் அதையும் வாசித்தது. ஆனால் அதற்கு முன்னால், அந்தக் கருத்தை எழுதுவதற்கு முன்னால் அவர்கள் எழுதி அழித்ததையும் வாசித்தது. "அவங்க பிள்ளைங்க படிச்சி ஆபீசராகி நம்ம மேலயே வந்து ஒக்காரவா" என்று ஒரு குரல் சொல்லும். ஒரு மூச்சு விட்டு, அதே குரல், "கல்வியே கண்" என்று முடிக்கும். காலனிப் பெண்களின் குரலில்கூட, "கேட்டா கிடைக்கவா போகுது" என்று ஒன்று முன்னால் வந்துவிட்டு, அப்புறம்தான் தாப்பா வந்தது.

அமலோற்பவம் மகளுக்குப் போன் போட்டாள். "அழிச்சதையும் படிக்குது தாயி."

"அழிச்சது எங்கயும் சேராதும்மா. நாங்க வச்சுக்கிறதே இல்ல."

"யாரோ வச்சுக்கிறாங்க."

போனைக் கீழே வைத்தாள். அவளும் ஒன்று எழுதி அழித்திருந்தாள்.

அது இணையதளத்தைத் திறந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பூசை முடிந்து வருகிற வழியில் கோமதிநாயகம் கடையில் தீப்பெட்டி வாங்க நின்றபோது, உள்ளே அவர் யாரிடமோ, "ஒரு பிள்ளை செத்ததுக்காக ஊரையே தூக்கி அந்தாண்ட வைக்க முடியுமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நிற்பது அவருக்குத் தெரியாது. தீப்பெட்டியை வாங்காமலே வந்தாள். வீட்டில் ஜெயசீலி போனைக் கையில் கொடுத்து, எப்படி இழுப்பது, எப்படி வைப்பது என்று காட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். அமலோற்பவம் பள்ளிக்கூடத்தை ஒரு விரலால் மெதுவாக, தூங்குகிற பிள்ளையைத் தொட்டில் மாற்றுவதுபோல, தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே கொண்டுவந்து குளத்துக்கரையில் இறக்கினாள். குழாயைத் தாழ்வாக வைத்தாள். ஒரு மரம் வைத்தாள். அப்புறம் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். எட்டாம் வகுப்புவரை படித்த விரல், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி எழுதியது: அவங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணும் இதே தண்டவாளத்துல போகட்டும். அப்ப தெரியும். எழுதியதை ஒருதடவை வாசித்துப் பார்த்தாள். மாதாவே என்று சொல்லி ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். கடைசி எழுத்துவரை அழித்துவிட்டு, "பிள்ளைகள் தண்டவாளம் தாண்ட வேண்டாம்" என்று எழுதி அனுப்பினாள்.

இப்போது அது அந்த இரும்புக்குள் இருந்தது. எந்த அடிக்கு வரும் என்று தெரியாது. முதல் மணிக்கு வந்தால் நூற்று அறுபத்து மூன்று பிள்ளைகள் வரிசையில் நின்று கேட்கும். சாப்பாட்டு மணிக்கு வந்தால் தட்டோடு நின்று கேட்கும். அவள் மெதுவாக அடித்துப் பார்த்தாள். குரல் மெதுவாக வந்தது, ஆனால் இரகசியம் என்று நினைத்துப் பிள்ளைகள் பக்கத்தில் வந்து காது கொடுத்தன. ஒருநாள் ஏழரை மணிக்கே ஆளில்லாத நேரம் பார்த்து வந்து, தன்னுடையது வந்து தொலையட்டும் என்று நாற்பது அடி அடித்தாள். நாற்பது தடவையும் அது 'டணார்' என்று வெறும் இரும்பாகவே சொன்னது. கேட்க இன்னொரு காது இல்லாமல் அது பேசாது என்று புரிந்தது. அடுப்படியில் நின்றபடியே அவள் செபித்தாள். மன்னிக்கச் சொல்லி முதலில் செபித்தாள், அப்புறம் மறைக்கச் சொல்லி. மறைக்கச் சொல்லிச் செபிப்பது செபத்தில் சேருமா என்று சாமியாரைக் கேட்க நினைத்து, கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் ஊருக்கு வெட்கம் விட்டுப்போயிற்று.

அது எந்த நாளில் போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது, குளத்துத் தண்ணீர் வற்றுகிற மாதிரி போயிற்று. முதலில், ஒன்பதேகாலுக்குக் கையில் டீக்கிளாசோடு நாலு பேர் மதிலோரம் வந்து, ரேடியோச் செய்தி கேட்பதுபோல நின்று கேட்டார்கள். "இன்னைக்கு யாரு? ஓ, நம்ம சொசைட்டி கிளார்க்கா. வெளிய பாத்தா பசு மாதிரி இருப்பான்" என்று சிரித்தார்கள். கிளார்க்கும் நின்று சிரித்தார். எல்லாரும் ஒன்றைத்தான் நினைத்திருக்கிறோம் என்று தெரிந்ததில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்தது, தனித்தனியாகச் சுமந்துகொண்டிருந்த மூட்டையை நடுத்தெருவில் இறக்கிவைத்தாயிற்று, இனி ஏன் மறுபடி தலையில் தூக்க வேண்டும் என்கிற நிம்மதி. கோமதிநாயகம் இப்போது பருப்பை அவள் கையில் கொடுப்பதில்லை, பலகையில் வைத்துத் தள்ளினார். அவள் பார்த்ததற்கு, "என்ன பாக்குற? மணியே சொல்லியாச்சு. இனிமே ஒனக்கு நான் என்னத்த மறைக்க?" என்றார், கோபமில்லாமல், பழகியவரிடம் பேசுகிற குரலில்.

ஊர்ப் பிள்ளைகள் முப்பத்து நாலில் ஒன்று தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தது. மறுநாள் நாலு. அந்த வாரக் கடைசியில் இருபது. மிச்சப்பட்ட சோற்றை அமலோற்பவம் காக்கைக்கும் நாய்க்கும் போட்டுவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தாள். பிள்ளைகள் மணி ஆட்டம் என்று ஒன்று கண்டுபிடித்தன: ஒன்று மணியாக நிற்கும், இன்னொன்று முதுகில் தட்டும், மணி உடனே எதிரில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து வீட்டில் கேட்டதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பிள்ளை அழுதுவிட்டு, அடுத்து தானே மணியாக நிற்கும்.

"முன்னாடி நடிக்கவாவது செஞ்சாங்க அமலி" என்றார் விசாலாட்சி டீச்சர், கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து. "நடிப்புதானன்னு நெனச்சிட்டோம். அதுலதான் பாதி மரியாதை இருந்திருக்கு."

முப்பதாம் நாள், கருத்துக் கேட்பு முடிகிற அன்று, கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மதுரையிலிருந்து ஜெயசீலி கணினியும் திரையும் கொண்டுவந்தாள். தகரக் கொட்டகையில் முன்வரிசை நாற்காலிகளில் ஊரும், பின்னால் நின்றுகொண்டு காலனியும், நடுவே தரையில் பிள்ளைகளும் இருந்தார்கள். திரையில் ஊரின் படம் விரிந்தது. வந்த கருத்துகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. கிழக்கே ஐந்நூற்று மூன்று. மேற்கே நூற்று ஒன்பது. ஜெயசீலி அந்த எண்ணைத் தானே கூட்டி, தானே திரையில் போட்டு, அதன் பக்கத்தில் தானே நின்றாள்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "எங்க போனெல்லாம் திருப்பூர்ல இருக்கு சார்" என்றாள்.

"எல்லைக்குள்ள இருக்குறவங்களதான கேட்க முடியும்" என்றார் அதிகாரி. "மணி என்னமோ பேசுதுன்னு சொன்னாங்க. அதை நான் கோப்புல சேக்க முடியாது, இருந்தாலும் கேட்டுட்டுப் போறேன். கூட்டத்தை மணியடிச்சே தொடங்கிருவோம். யாரும்மா அடிக்கிறது?"

அமலோற்பவம் போனாள். கொட்டகைக்கும் வேப்பமரத்துக்கும் இடையே இருபது காலடி. அதற்குள் ஓர் அருள்நிறை மரியே செபம் சொல்ல முடியும், சொன்னாள். கம்பியை உருவினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அடிப்பதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தெரிந்தும், மணி அடிக்கிறவள் என்பதால், அடித்தாள்.

"அவங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணும் இதே தண்டவாளத்துல போகட்டும். அப்ப தெரியும்" என்றது தண்டவாளம், அமலோற்பவத்தின் குரலில்.

ஒரு மூச்சு விட்டு, "பிள்ளைகள் தண்டவாளம் தாண்ட வேண்டாம்" என்றது. அதை யாரும் கேட்கவில்லை.

இத்தனை நாளாக மணிக்குச் சிரித்தவர்கள் யாரும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. பிறகு கோமதிநாயகம் எழுந்தார். "கேட்டீங்களா சார். பிள்ளைங்களுக்குச் சாவு கேக்குறா. இவ கையால வேகுற சோத்தத்தான் நம்ம பிள்ளைங்க திங்குது."

"உங்க வீட்டுப் பிள்ளைங்க இங்க படிக்கவே இல்லையே" என்றார் விசாலாட்சி டீச்சர்.

"பிள்ளைன்னா எல்லாப் பிள்ளையுந்தான் டீச்சர்."

"ஐயா, நான் என் பிள்ளைய அனுப்பவே யோசிக்கிறேன்" என்றாள் சுகன்யா அதிகாரியிடம். அவள் பிள்ளை மூன்று வருஷமாக வேனில் வேறு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நின்ற காலனிப் பெண்களிலும் இரண்டு பேர் தங்கள் பிள்ளையை மெதுவாகப் பக்கத்தில் இழுத்துக்கொண்டதை அமலோற்பவம் பார்த்தாள்.

அவள் கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகை வாசலுக்கு வந்து கைகூப்பினாள். "நாந்தான் எழுதுனேன். ஒடனே அழிச்சேன். அழிச்சாலும் எழுதுனது எழுதுனதுதான். பிள்ளைங்க பேரச் சொல்லி அப்படி நெனச்சிருக்கக் கூடாது. எல்லாரும் மன்னிச்சிருங்க" என்றாள். சொல்லிவிட்டு, கூப்பிய கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். தனக்குப் பிறகு அடுத்த ஆள் எழுந்து தன்னுடையதைச் சொல்லும் என்று நினைத்து நின்றாள். கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையாக நிற்பார்களே, ஒருவர் எழுந்தால் அடுத்தவர் முழங்காலிடுவார்களே, அதுபோல நடக்கும் என்று நினைத்தாள். வெகுநேரம் நின்றாள். அதிகாரி குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவளிடமிருந்து சத்துணவுக் கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் கிழக்கே என்று முடிவாயிற்று. தாயும் மகளும் தண்டவாளத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்தார்கள். தாண்டுகிற இடத்தில் ஜெயசீலி நின்றுவிட்டாள்.

"அறுநூத்திப் பன்னெண்டு பேர் எழுதுனாங்க. எல்லாத்தையும் நான் செஞ்ச பொட்டியிலதான் எழுதுனாங்க. ஒருத்தர்கூட தலையக் குனியல. நீ மட்டும் எதுக்கும்மா கைகூப்புன?"

"நான் கேட்டது தப்பு தாயி."

"அவங்க எழுதுனது?"

"அது அவங்களுக்குத் தெரியணும்." அமலோற்பவம் குனிந்து தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்டாள், வழக்கம்போல. "வண்டி இல்ல. வா."

கட்டடம் எட்டு மாதத்தில் எழும்பியது, கிழக்கே, மூன்று மாடி, இரண்டு கழிப்பறை. திறப்புவிழா அன்று பழைய வழக்கப்படி தண்டவாளத் துண்டை அடித்தார்கள். அது 'டணார்' என்று மட்டும் சொன்னது. சொல்ல வேண்டியதையெல்லாம் எல்லாரும் வாயாலேயே சொல்லத் தொடங்கிவிட்டதால் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரண்டு மணி மாட்டினார்கள். கருத்துக் கேட்பில் கலந்துகொண்டோர் விகிதம் மாநிலத்திலேயே அதிகம் என்று இணையதளத்துக்குப் பரிசு கிடைத்தது. ஜெயசீலி மேடைக்குப் போகவில்லை, கம்பெனிக்காரர்கள் போய் வாங்கினார்கள். மற்ற மாவட்டங்களுக்கும் அதையே கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, எல்லைக்கு வெளியே இருக்கிற போனுக்கும் திறக்க வேண்டும் என்று ஜெயசீலி எழுதிக் கொடுத்தாள். பரிசீலிக்கிறோம் என்றார்கள். அவள் கேட்ட இன்னொன்றை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள்: வெள்ளைப் பெட்டிக்குக் கீழே, பொடி எழுத்தில், எழுதி அழித்தவை சேமிக்கப்படமாட்டா என்று ஒரு வரி.

அமலோற்பவத்துக்கு இப்போது காலையில் உலை வைக்கிற வேலை இல்லை. ஆகவே எட்டரை மணிக்கெல்லாம் ரயில்பாதைக்கு வந்துவிடுவாள். காலனிப் பிள்ளைகள் வந்து சேரச் சேர, பையையும் தட்டையும் சரிசெய்து வரிசையாக நிறுத்துவாள். முதலில் சில தாய்மார் அவளிடம் பிள்ளையை விடத் தயங்கினார்கள். கூலிவேலைக்கு நேரமானபோது விட்டார்கள். விரலைப் பிடித்தால் நழுவும் என்று மணிக்கட்டைத்தான் பிடிப்பாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, பிள்ளைகளை நிறுத்திவிட்டு, குனிந்து தண்டவாளத்தில் காது வைத்தவள், அப்படியே இருந்தாள். உள்ளே குரல்கள் கேட்டன. தெரியாத குரல்கள், தெரியாத ஊர்கள். கொங்குப் பேச்சு, வடக்கத்திப் பேச்சு, கடற்கரைப் பேச்சு, ஆண், பெண், படித்தவர், படிக்காதவர், எங்கெங்கோ பள்ளிக்கூடம் கட்டப்போகிற அத்தனை ஊரும், எழுதியதும் அழித்ததுமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, அடைமழைபோல அந்த இரும்பு முழுக்க இரைந்துகொண்டிருந்தது.

"என்ன பெரியம்மா, வண்டியா?" என்று வரிசையில் முதலில் நின்ற பிள்ளை கேட்டது.

"பொறு" என்றாள் அமலோற்பவம்.

அன்றைக்கு அவள் பிள்ளைகளைத் தாண்டவிட அரைமணி நேரமாயிற்று, முதல் மணி தவறிவிட்டது. இப்போது அவ்வளவு நேரம் ஆவதில்லை. முழங்காலிட்டு, ஜல்லியில் கையூன்றி, கண்ணை மூடி, காதைச் சேர்த்து வைத்து, அந்த இரைச்சல் அத்தனைக்கும் அடியில் கூட்ஸ் வண்டியின் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பிரித்துக் கேட்க அவள் பழகிக்கொண்டுவிட்டாள். இல்லை என்று நிச்சயமானதும் எழுந்து, முட்டியில் ஒட்டிய கல்லைத் தட்டிவிட்டு, கையை நீட்டுகிறாள்.